எத்தனை நாள் வேஷம்?

மேடை, சினிமா, சின்னத்திரை என்று ஏறக்குறைய ஐம்பது வருடமாக அம்மா, அத்தை, பாட்டி வேஷம் கட்டிவரும் சாலிகிராமத்து நடிகை இந்த மாதமும் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். “என் பேரைப் போடாதீங்க. பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது, மூஞ்சியைப் பார்த்தாத்தான் தெரியும்” என்பது அவர் போட்ட நிபந்தனை.

ஒரு வேஷம் தேடி வந்தால் முதலில் என்ன கேட்பீர்கள்? கதையா, கதாநாயகன் யார் என்பதா?
(வாசகர், தாம்பரம்)

“எத்தனை நாள்?” என்று கேட்பேன். மற்றதெல்லாம் அப்புறம்.

கதாநாயகிக்குப் படத்துக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு நாள் கணக்குதான். மேனேஜர் போனில் சொல்வதை வைத்தே எனக்குக் கணக்கு பிடிபட்டுவிடும். “நல்ல கேரக்டர்மா” என்றால் இரண்டு நாள். “வெயிட்டான கேரக்டர்மா” என்றால் ஒன்றரை நாள், அதில் அரை நாள் அழுகை. “கதையே உங்களைச் சுத்திதாம்மா” என்று சொன்னால் ஆரம்பத்திலேயே நான் செத்துப்போவேன், மற்றவர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து அழுவார்கள்.

மாதத்தில் பன்னிரண்டு நாள் கிடைத்தால் வாடகை, மருந்து, பேத்தியின் பள்ளிக்கூட வேன் எல்லாம் ஓடிவிடும். நாலு நாள் என்றால் மோதிரம் அடகுக் கடைக்குப் போகும். வடபழனியில் அந்தக் கடைக்கு என் மோதிரம் தானாகவே நடந்து போய்விடும், அவ்வளவு பழக்கம்.

நீங்கள் முதன்முதலில் கேமரா முன்னால் நின்ற இடம் இப்போது எப்படி இருக்கிறது?
(வாசகி, பெரம்பூர்)

ஏசி போட்டு ஜில்லென்று இருக்கிறது. வாஹினி ஸ்டுடியோவில்தான் முதல் ஷாட். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, மாப்பிள்ளையைப் பார்த்துப் பக்கத்து அம்மாவிடம் குசுகுசுவென்று ஏதோ சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று யாரும் எழுதித் தரவில்லை. “மாப்பிள்ளைக்குக் காது பெரிசா இருக்கு” என்றேன். அந்த அம்மா நிஜமாகவே சிரித்துவிட்டார், ஷாட் ஓகே ஆனது.

அன்று நாங்கள் வடபழனி கோயில் பின்புறம் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தோம். அம்மாவும் நானும் நடந்தே போய் நடந்தே வந்தோம். அந்த இடத்தில் இப்போது பெரிய மால் நிற்கிறது. பேத்தி அங்கே பர்கர் வாங்கித் தரச் சொல்லி இழுத்துக்கொண்டு போவாள். நகரும் படிக்கட்டில் ஏறும்போதெல்லாம், கல்யாணப் பந்தல் எந்தப் பக்கம் போட்டிருந்தார்கள் என்று யோசிப்பேன். இதுவரை பிடிபடவில்லை.

எத்தனை வயதில் அம்மா வேஷம் போட ஆரம்பித்தீர்கள்?
(வாசகி, ஈரோடு)

இருபத்தொன்பதில். மகனாக நடித்தவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். காதோரம் வெள்ளை அடித்துக்கொண்டே மேக்கப்மேன் சொன்னார்: “இன்னிக்கு அடிச்சிட்டா இது போகாதும்மா.” பெயின்டைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

என் கதையை விடுங்கள், பெரியவர்கள் கதையைப் பாருங்கள். 1975-இல் அபூர்வ ராகங்கள் படத்தில்தான் ரஜினி அறிமுகம். அதில் அவருக்கு மனைவி ஸ்ரீவித்யா. 1991-இல் தளபதி வந்தபோது அதே ஸ்ரீவித்யா அவருக்கு அம்மா. 1977-இல் ‘அவர்கள்’ என்ற படத்தில் ரஜினிக்கு மனைவியாக நடித்த சுஜாதா, 2002-இல் பாபாவில் அம்மா ஆனார். இரண்டு பேருமே ரஜினியைவிட வயதில் சின்னவர்கள். வடிவுக்கரசி இன்னும் ஒரு படி மேலே போய், 1997-இல் வந்த அருணாச்சலத்தில் அவருக்குப் பாட்டியாகவே நடித்தார். அவரும் ரஜினிக்கு இளையவர்தான். பதினாறு வயதினிலே படத்தில் மயிலுக்கு அம்மாவாக வந்து வாய் ஓயாமல் பேசுவாரே காந்திமதி, அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான்.

ஆம்பிளைக்கு முடி நரைத்தால் டை அடிக்கிறார்கள். எங்களுக்கு நரைக்காவிட்டால் வெள்ளை அடிக்கிறார்கள். இரண்டும் ஒரே பெட்டியில்தான் இருக்கும்.

எங்கள் மன்னார்குடியில் பிறந்த மனோரமா ஆச்சியோடு நடித்திருக்கிறீர்களா?
(வாசகர், மன்னார்குடி)

இல்லை. அந்தக் குறை உண்டு. ஆச்சி உங்கள் ஊரில் பிறந்தாலும் வளர்ந்தது காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில். நாடக மேடையில் பெயர் எடுத்து, 1958-இல் கண்ணதாசன் தயாரித்த மாலையிட்ட மங்கையில் சினிமாவுக்கு வந்தார். ஆயிரம் படம் தாண்டியது, கின்னஸில் பெயர் வந்தது, புதிய பாதைக்குத் தேசிய விருது, 2002-இல் பத்மஸ்ரீ, ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தது எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். 2015 அக்டோபரில் போய்விட்டார்.

நான் பார்ப்பது வேறு. தில்லானா மோகனாம்பாளில் சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ், சி.கே. சரஸ்வதி என்று ஆளாளுக்கு மலை மாதிரி நிற்கிறார்கள். அதற்கு நடுவில் ஜில் ஜில் ரமாமணியாக வருகிறார் ஆச்சி. படம் முழுக்க அவர் கிடையாது. ஆனால் படம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் அவரைப் போலத்தான் பேசிக் காட்டினார்கள். எத்தனை நாள் கால்ஷீட்டோ! நாள் கணக்கில் வேஷம் கட்டுகிற எங்களுக்கெல்லாம் அந்த ஒரு வேஷம்தான் நம்பிக்கை.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ஆச்சியைப் பற்றிக் கேட்கிறீர்கள், எஸ்.என். லட்சுமி அம்மாவைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. சர்வர் சுந்தரத்தில் நாகேஷுக்கு அம்மா. மைக்கேல் மதன காமராஜனில் கைநீளமுள்ள அந்தப் பாட்டி. சமயம் கிடைத்தால் அந்தப் பாட்டி வரும் இடங்களை மறுபடி பாருங்கள். கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், முகமோ பஜனையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கைக்கும் முகத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 2012-இல் அவர் காலமானபோது நான் ஒரு சீரியல் வீட்டில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். கேமரா முன்னால்தான்.

கிளிசரின் இல்லாமலே அழுவீர்களாமே?
(வாசகர், வேலூர்)

வரவேண்டிய பாக்கியை நினைத்துக்கொள்வேன்.

சீரியலில் நீங்கள் கட்டுகிற புடவையெல்லாம் கம்பெனி கொடுப்பதா? ஒரு காட்டன் புடவை பிரமாதம்.
(வாசகி, மதுரை)

கதாநாயகிக்குக் காஸ்ட்யூமர் உண்டு. என்னைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் சொந்தப் பெட்டிதான். கட்டிலுக்கு அடியில் பச்சை டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் சீரியலுக்கென்றே நாற்பத்தொரு புடவை. சுத்த வெள்ளை ஆகாது, கேமராமேன் முகம் சுளிப்பார். நெருக்கமாகக் கோடு போட்டதும் ஆகாது, திரையில் எறும்பு ஊர்வது மாதிரி தெரியும்.

ஒவ்வொரு ரவிக்கையிலும் ஊக்கு போட்டு ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருப்பேன். “கோயில் சீன். மூக்குத்தி இல்லை. வலது கை இரண்டு வளையல். முந்தானை செருகி.” எதற்கென்றால், இன்று வீட்டு வாசல் வரை நடந்து வருவதை எடுப்பார்கள், வாசலைத் தாண்டி உள்ளே நுழைவதை மூன்று வாரம் கழித்து, மருமகளாக நடிக்கிற பெண்ணுக்குத் தேதி கிடைத்ததும் எடுப்பார்கள். வெளியே மாம்பழ மஞ்சளில் நடந்தவள் உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் நுழைய முடியுமா? இதற்குப் பெயர் கன்டினியூட்டி. அந்த மூன்று வாரமும் அந்தப் புடவை எனக்குச் சொந்தமில்லை. கல்யாணத்துக்குக் கட்டக்கூடாது, யாருக்கும் கொடுக்கக்கூடாது.

நீங்கள் சொல்வது கடுகு நிறத்தில் அரக்கு பார்டர் போட்டதுதானே? அதற்கு ஒரு கதை உண்டு. மருமகள் பெட்டியைச் சுத்தம் செய்கிறேன் என்று, சீட்டு கழன்று கிடந்த அந்தப் புடவையை வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு உதவி இயக்குநர் போன் பண்ணுகிறார்: “அம்மா, இன்னிக்கு அந்தக் கடுகு கலர் புடவை சீனோட மிச்சம்.” விழுந்தடித்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்கு ஓடினேன். அதைக் கட்டிக்கொண்டு தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கிறார். விஷயத்தைச் சொன்னதும் குடத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார். அவர் வரும்வரை வரிசையில் நான் நின்றேன். “பதமா நடிங்கம்மா, ஒரே ஒருவாட்டிதான் கட்டினேன்” என்று கொடுத்தனுப்பினார். அந்தப் பாகம் ஒளிபரப்பான அன்று தெருவே அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்ததாம். என்னையல்ல, புடவையை. உங்கள் பாராட்டை அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

சினிமாவை விட்டு டி.வி.க்கு ஏன் போனீர்கள்?
(வாசகர், கடலூர்)

விடவில்லை, சினிமாதான் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டது. சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் வந்தது. பிறகு செவ்வாய்க்கிழமை நாடகம் என்று போடுவார்கள், அதில் தலைகாட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் டி.வி.யில் நடித்தால் சினிமாக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். 1993-இல் சன் டி.வி. வந்தது. 1999-இல் ராதிகாவின் சித்தி ஆரம்பித்த பிறகு நிலைமை தலைகீழ். தினமும் ஒரு பாகம் ஓட்ட வேண்டுமென்றால் தினமும் ஒரு பாட்டி வேண்டுமே. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே மாதத்தில் பதினெட்டு நாள் பார்த்தேன். அடகுக் கடைக்காரர், “உடம்பு சரியில்லையாம்மா, ஆளையே காணோம்” என்று விசாரித்தார்.

சாப்பாட்டுக் காட்சிகளில் நிஜமாகவே சாப்பிடுவீர்களா?
(வாசகி, திருவண்ணாமலை)

முதல் ஷாட்டில் எப்படிச் சாப்பிட்டோமோ அப்படியே கடைசி வரை சாப்பிட வேண்டும். முதலில் எல்லோரையும் சேர்த்து மாஸ்டர் ஷாட். அப்புறம் ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவரைக் காட்டும் சஜஷன் ஷாட், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ஆளாளுக்கு க்ளோசப். “உங்கப்பா மட்டும் இருந்திருந்தா” என்ற இடத்தில் இட்லியை விண்டேன் என்றால், ஒவ்வொரு தடவையும் அதே சொல்லில் அதே அளவு விள்ள வேண்டும்.

இது தெரியாமல் ஒரு புதுப் பையன் மாஸ்டர் ஷாட்டில் ஆசையாக ஒரு முழு வடையைக் கடித்துவிட்டான். இயக்குநருக்கு அது பிடித்துப்போய்விட்டது. சாயந்திரத்துக்குள் பதினோரு வடை. கடைசி க்ளோசப்பில் அவன் முகத்தில் தெரிந்த வெறுப்பைப் பார்த்து, அப்பா மேல் மகனுக்கு எவ்வளவு கோபம் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

நான் சாதம் கேட்டு வாங்கிக்கொள்வேன். பிசைந்துகொண்டே இருக்கலாம். கைக்கும் வேலை, வாயும் வசனத்துக்குக் காலியாக இருக்கும். நிஜமாகச் சாப்பிடுவது புரொடக்‌ஷன் சாப்பாடு வந்த பிறகுதான். வத்தக்குழம்பு நன்றாக இருந்தால் டிபன் பாக்ஸில் கொஞ்சம் வீட்டுக்கும் வரும். இதை எழுதலாமா கூடாதா என்று ஆசிரியர் முடிவு செய்துகொள்ளட்டும்.

உங்கள் குரலில் இருக்கும் கரகரப்புக்கு நான் ரசிகன்.
(வாசகர், புதுக்கோட்டை)

எந்தத் தொடர் என்று எழுதவில்லையே தம்பி. கடைசி மூன்று தொடரிலும் எனக்கு வேறொரு பெண்தான் டப்பிங். செட்டில் உதவி இயக்குநர் வசனத்தை உரக்கப் படிக்கப் படிக்க நாங்கள் வாயசைத்து நடிப்போம். குரல் பிறகு சேரும். அந்தப் பெண்ணுக்கு வயது முப்பத்தைந்துதான் இருக்கும். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அடுக்களையிலிருந்து அவள் “தண்ணி வேணுமா?” என்று கேட்க, நானே என்னைக் கேட்ட மாதிரி திடுக்கிட்டுப் போனேன்.

என் மகள் பி.காம். முடித்துவிட்டு நடிக்கப் போகிறேன் என்கிறாள். என்ன செய்வது?
(ஒரு தாய், திருநெல்வேலி)

சான்ஸ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நமக்குத்தான் அவர்கள் கொடுக்க வேண்டும். ஆபீஸ் என்று சொல்லி ராத்திரியில் ஏதாவது அபார்ட்மென்ட்டுக்குக் கூப்பிட்டால் போக வேண்டாம். பகலில் கூப்பிட்டாலும் நீங்களும் கூடப் போங்கள். என் அம்மா பதினொரு வருடம் என்னோடு வந்தார். ஒவ்வொரு செட்டிலும் ஒரு மூலையில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருப்பார். சங்கத்தில் கார்டு எடுக்கச் சொல்லுங்கள். போட்டோவில் அதிகமாக மேக்கப் வேண்டாம். பி.காம். படித்த பெண் என்பதுதான் எனக்குச் சந்தோஷம். தனக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதி வைத்துக்கொள்வாளே!

போன தொடரில் நீங்கள் இறந்த பிறகும் மாலை போட்ட உங்கள் போட்டோ இரண்டு வருடம் சுவரில் தொங்கியது. அதற்குச் சம்பளம் உண்டா? கிண்டலாகக் கேட்கவில்லை.
(வாசகர், நாகர்கோவில்)

கிண்டலாகக் கேட்டாலும் பதில் இதுதான்: கிடையாது.

கம்பெனி பெயர் வேண்டாம். மாதம் பத்து நாள் வேலை. ஒரு செக் பணமில்லாமல் திரும்பி வந்தது, அடுத்ததும் அப்படியே. நான் சத்தம் போடவில்லை. பணம் கைக்கு வந்தால்தான் அடுத்த தேதி என்று மட்டும் சொன்னேன். மறுவாரம் காட்சிக் காகிதம் வந்தது. பாட்டி மாடிப்படியில் வழுக்கி விழுகிறாள்.

“ஆஸ்பத்திரியில பொழைச்சுக்குவேனா தம்பி?” என்று உதவி இயக்குநரைக் கேட்டேன்.

“டாக்டர் வெளிய வந்து கண்ணாடியைக் கழட்டுறாரும்மா.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினால் அப்புறம் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

எனக்குப் பிண மேக்கப் போட்டு, மூக்கில் பஞ்சு வைத்து, நெற்றியில் காசு ஒட்டிய பிறகுதான் அந்தப் பிள்ளைக்குப் போட்டோ நினைவு வந்தது. நாளைக்கே சுவரில் மாட்ட வேண்டுமே! காசை எடுத்தார், பஞ்சை எடுத்தார், சுவரோரமாக நிறுத்தித் தன் செல்போனில் எடுத்தார். “கொஞ்சம் சிரிங்கம்மா, தெய்வம் மாதிரி” என்றார். காலை இட்லிக்கு அப்புறம் ஒன்றும் சாப்பிடவில்லை. நீங்கள் இரண்டு வருடம் பார்த்தது அந்தச் சிரிப்புதான். உற்றுப் பார்த்திருந்தால் இடது மூக்கு கொஞ்சம் விரிந்திருப்பதும் தெரிந்திருக்கும், பஞ்சு இருந்த இடம்.

ஆனால் அந்தப் போட்டோ நன்றாக நடித்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மகன் வந்து அதன் முன்னால் சத்தியம் செய்தான். மருமகள் அதைப் பார்த்துச் சவால் விட்டாள். நல்ல காரியம் என்றால் அதிலிருந்து பூ விழுந்தது. நான் உயிரோடு இருந்த ஏழு மாதத்தில் எனக்குக் கிடைக்காத க்ளோசப் எல்லாம் அதற்குக் கிடைத்தது, வீணை இசையோடு. வீட்டில் மருமகளுக்குத்தான் தாங்கவில்லை. “அத்தை இங்க உக்காந்து முறுக்கு சாப்பிட்டுட்டு இருக்காங்க, அங்க மாலையா?” என்று சேனலை மாற்றிவிடுவாள்.

தொடர் முடிந்து செட்டைப் பிரித்த அன்று செட் அசிஸ்டென்ட் ஒருவர் அந்தப் போட்டோவை நியூஸ் பேப்பரில் சுற்றி ஷேர் ஆட்டோவில் எடுத்துக்கொண்டு வந்தார். ஆற்காடு சாலையில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த நேரம். குலுங்கலில் கண்ணாடி உடையாமல் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாராம். “குப்பையில போட மனசு வரலம்மா” என்றார். காப்பி கொடுத்தேன். செக்குகளைக் கேட்கிறீர்களா? ஒன்று, சங்கத்தில் பேசி இரண்டு தவணையில் வந்தது. இன்னொன்று இன்னும் என்னிடமே இருக்கிறது, டிரங்குப் பெட்டியில், சீட்டோடு சீட்டாக.

இப்போது எதில் நடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?
(வாசகி, கும்பகோணம்)

இந்தப் பதில்களை எழுத உட்கார்ந்த அன்றுதான் ஒரு போன் வந்தது. புதுத் தொடர், வளசரவாக்கத்தில் வீடு பிடித்திருக்கிறார்களாம்.

“நல்ல கேரக்டர்மா” என்றார் மேனேஜர்.

“எத்தனை நாள்?”

“ஒரு நாள்தாம்மா.”

“என்ன சீன்?”

“சீன்னு பெருசா இல்லம்மா. கதை ஆரம்பிக்கும்போதே... உங்க போட்டோ ஏதாவது பெரிய சைஸ்ல இருந்தா கையோட எடுத்துட்டு வந்துருங்க. எங்களுக்கு வேலை மிச்சம்.”

“ஃபிரேம் போட்டே இருக்கு. அதுக்கு என்ன வாடகை தருவீங்க?”

மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். இரண்டு நாளாகிவிட்டது, இன்னும் கூப்பிடவில்லை. எதற்கும் தயாராக இருக்கட்டும் என்று போட்டோவை எடுத்துத் துடைத்து வைத்தேன். செட்காரர்கள் கண்ணாடியின் மேல் பொட்டையும் சந்தனத்தையும் பெயின்டால் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. பிளேடு வைத்துச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். குங்குமம் வந்துவிட்டது. சந்தனம்தான் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.